67-ஆம் அறைக்கு நேராகப் போகாதீர்கள்

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில், ஸ்பானிய ஓவியர் கோயா முதுமையில் தன் வீட்டுச் சுவர்களில் தீட்டிய ‘கறுப்பு ஓவியங்கள்’ பதினான்கும் கீழ்த்தளத்து 67-ஆம் அறையில் இருக்கின்றன. பலர் உள்ளே நுழைந்ததும் அந்த அறையைத்தான் தேடுகிறார்கள். பெற்ற பிள்ளையையே தின்னும் ரோமானியப் புராணக் கடவுள் சாத்தூர்னோவைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு வெளியேறினால் பயம் மட்டும்தான் கூட வரும். அது எங்கே பிறந்தது என்று தெரியாது.

முதலில் 2-ஆம் தளத்துக்கு ஏறுங்கள். அரண்மனைச் சுவர்த்திரைகளை நெய்வதற்காக கோயா வரைந்து கொடுத்த மாதிரிகள் அங்கே உள்ளன. அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது 1788-இல் அவர் வரைந்த ‘சான் இசித்ரோ புல்வெளி’. 42 செ.மீ. உயரமும் 91 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய படம்தான். மாட்ரிட்டின் காவல் புனிதர் சான் இசித்ரோவின் மே 15 திருவிழா, மான்சனாரெஸ் ஆறு, வெள்ளைக் குடைகள், அக்கரையில் வெயில் பட்ட நகரம். இதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே இறங்கி, போர்க்கொலையைக் காட்டும் ‘1808 மே 3’ ஓவியத்தைப் பார்த்துவிட்டு 67-க்குள் நுழையுங்கள்.

அங்கே நாலேகால் மீட்டருக்கும் நீளமான ஓர் ஓவியம்: ‘சான் இசித்ரோ யாத்திரை’. அதே திருவிழா, அதே நிலம். குடைகள் இல்லை. முன்னால் கிட்டார் வாசிப்பவன் வாயைப் பிளந்து பாடுகிறான். அவன் பின்னால் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து வருகின்றன. இரண்டு படங்களுக்கும் நடுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 1792–93-இல் வந்த நோயில் கோயாவின் செவிப்புலன் போனது. 1808 முதல் 1814 வரை நாடு நெப்போலியன் படைகளோடு போரில் கிடந்தது. 1819-இல், 72 வயதில், ஆற்றுக்கு அப்பால் அந்தப் புல்வெளிப் பக்கமாகவே அவர் ஒரு வீடு வாங்கினார். ‘காது கேளாதவரின் வீடு’ என்ற பெயர் அதற்கு முன்பே இருந்தது. பழைய உரிமையாளருக்கும் காது கேட்காது. அந்த வீட்டின் இரண்டு தளச் சுவர்களில்தான் கறுப்பு ஓவியங்கள் தீட்டப்பட்டன. யாரும் கேட்டு வரைந்தவை அல்ல. கோயா தலைப்பும் வைக்கவில்லை. பலகையில் இருக்கும் பெயர்கள் மற்றவர்கள் பின்னால் சூட்டியவை.

இன்று காண்பது கோயா விட்டுச்சென்றதுதானா? முழுக்க இல்லை. காய்ந்த சுண்ணப்பூச்சின் மேல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய படத்தைப் பெயர்ப்பது ஆபத்தான வேலை. சுவரிலிருந்து பிரித்துத் துணிக்கு மாற்றும்போது வண்ணம் உதிரும். உதிர்ந்த இடத்தை வேறொரு கை நிரப்பும். 1874-இல் தொடங்கி, ஓவியங்களைச் செப்பனிடும் மார்த்தினெஸ் குபெல்ஸ் செய்த மாற்றத்தில் இதெல்லாம் நடந்தது. அதற்குச் சற்று முன் லோரான் என்ற புகைப்படக்காரர் சுவர்களைப் படம் எடுத்து வைத்ததால் இழப்பை ஒப்பிட முடிகிறது. ‘சூனியக்காரிகளின் கூட்டம்’ வலப்பக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் குறைந்துவிட்டது. வலது ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் முன்பு ஓரத்தில் இல்லை. ‘தடிச்சண்டை’யில் இருவரும் முழங்கால்வரை புதைந்து நிற்பதாக எல்லோரும் விளக்குகிறார்கள், பழைய புகைப்படத்தில் அங்கே புல் தெரிகிறது.

சாத்தூர்னோவுக்கு வருவோம். பிராடோவிடமே, கோயாவுக்கு முந்தைய ஓவியர் ரூபென்ஸ் வரைந்த சாத்தூர்னோவும் உண்டு. அதில் கடிபடுவது கைக்குழந்தை. கடவுளுக்குத் தான் செய்வது தெரிந்திருக்கிறது. கோயாவின் படத்தில் அது வளர்ந்த உடல், தலை ஏற்கெனவே இல்லை. விரல்கள் முதுகில் புதையும் இடத்தையும், பிதுங்கிய கண்களையும் மாறி மாறிப் பாருங்கள். தின்கிறவன்தான் அதிகம் பயந்திருக்கிறான். இந்த ஓவியத்தின் உண்மையான கொடூரம் அந்தக் கண்கள்தான், இரத்தம் அல்ல.

நீளமான ‘யாத்திரை’, ‘சூனியக்காரிகளின் கூட்டம்’ இரண்டையும் முதலில் எதிர்ச்சுவரோரம் நின்று முழுதாகப் பார்த்து, பிறகு நெருங்குங்கள். கிட்டே போனால் முகங்கள் வெறும் தூரிகை இழுப்புகளாகக் கலைந்துவிடும்.

காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரையும், ஞாயிறு 5 முதல் 7 வரையும் இலவசம். ஆனால் வரிசை நீளம், இரண்டு தளங்களுக்கு அந்த நேரம் போதாது. பொதுச் சீட்டு 15 யூரோ. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணமில்லை. சிறு குழந்தைகளை 67-க்குள் அழைத்துப் போகாமல் ஒருவர் வெளியே இருந்து மாறிக்கொள்வது நல்லது. படம் எடுக்க அனுமதி இல்லை. ‘கோயா’ என்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஏமாறாதீர்கள், அது வேறு பகுதி. பாங்கோ தெ எஸ்பான்யா அல்லது எஸ்தாசியோன் தெல் ஆர்த்தே நிலையம்தான் பக்கம். கோயாவின் வீட்டைத் தேடியும் அலைய வேண்டாம், 1909 வாக்கிலேயே இடித்துவிட்டார்கள்.

‘நாய்’ ஓவியத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சரிவுக்கு மேலே ஒரு தலை மட்டும். மீதியெல்லாம் மங்கிய மஞ்சள் வெளி. அது மேலே எதையோ பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை.