அலமாரிக்குப் பின்னால் இரண்டு மெஷின்கள்

மார்ச் 2, ஞாயிறு

தையல் அறையை ஒழிக்க இன்றுதான் நேரம் வாய்த்தது. வெட்டுத் துண்டுகள் நான்கு பை, தேறாத ஜிப்புகள் ஒரு டப்பா, எல்லாம் வெளியே போயிற்று. அலமாரியை நகர்த்தினால் பின்னால் இரண்டு தையல் மெஷின்கள். ஒன்று நான் தைக்கக் கற்றுக்கொண்ட மிதிமெஷினின் தலை. ஸ்டாண்டு எப்போதோ போய்விட்டது. மற்றது மரப்பெட்டிக்குள் பெரியம்மாவின் கைமெஷின். அவர் போன பிறகு நான்தான் எடுத்து வந்தேன். எடுத்து வந்ததோடு சரி, ஒருநாளும் திறக்கவில்லை.

மற்ற வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கைச்சக்கரம் அசையவே இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

பெரியம்மாவின் கைமெஷின் சிங்கர் கம்பெனியுடையது. அதன் எண் 'ஒய்' எழுத்தில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் 1920, 30-களில் செய்த வரிசை. அந்த ஆலையையே 1980-இல் மூடிவிட்டார்கள்.

துரு இல்லை. யாரோ சமையல் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது காய்ந்து பிசினாகிப் பூட்டிக்கொண்டுவிட்டது. எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு வைத்திருக்கிறேன், மேலே உள்ள தங்கப்பூக்களில் படாமல். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு மெருகு கரைந்து பூவும் சேர்ந்து போய்விடும்.

மார்ச் 5, புதன்

அசைந்தது! ஹேர் டிரையரால் சூடு காட்டி, முன்னும் பின்னும் மெல்ல ஆட்ட ஆட்ட, ஒரு முழுச் சுற்று.

ஊசித்தட்டைக் கழற்றினேன். பற்களுக்கு நடுவே பஞ்சு அடைந்து கம்பளிபோல் கெட்டித்திருந்தது. குண்டூசியால் கிளறி எடுத்தேன். பல் எழுகிறது, துணியைத் தள்ளுகிறது, தாழ்கிறது, திரும்பி வருகிறது. இந்த நான்கு அசைவுக்கு ஆலன் வில்சன் 1854-இல் காப்புரிமை வாங்கினார். என் புது மெஷினும் இதே நடைதான் நடக்கிறது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துத் தகட்டை இழுத்தால் தோட்டா வடிவில் ஷட்டில், கீழ்நூலைக் கொண்டுபோகும் கூடு. உள்ளே அந்த நூல் சுற்றிய மெல்லிய நீள பாபின். அதில் பாதிக்கு மேல் மஞ்சள் நூல், பெரியம்மா சுற்றியது.

மார்ச் 9, ஞாயிறு

மெஷின் எண்ணெய் விட்டு, புது ஊசி மாட்டினேன். ஒரு தையல்கூட விழவில்லை. ஊசி திரும்பி இருந்தது. நீளப் பள்ளம் உள்ள பக்கமாகத்தான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும்.

மேலே வெள்ளை, கீழே அந்த மஞ்சள். இரண்டு நிறம் இருந்தால் டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், பார்ப்பது சுலபம். துணியின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி எட்டிப் பார்த்தது, அதாவது மேல்நூல் இறுக்கம் அதிகம். திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். பழைய பருத்தி நூல், இரண்டு இடத்தில் இற்று அறுந்தது. மூன்றாவது வரியில் மேலே வெள்ளை மட்டும். திருப்பினால், சீராக ஒரு மஞ்சள் கோடு.

மிச்ச நூலோடு அந்த பாபினை எடுத்து வைத்துவிட்டேன். பெட்டியில் இன்னும் இரண்டு காலி பாபின்கள் இருக்கின்றன. மிதிமெஷின் தலையை நாளை திறக்க வேண்டும்.