கவலியர் வாங்கிய கதை

கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் ஜாதி நாய் வாங்கப் போகிறோம் என்று மதுரையில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "கவலியரா? பேர்லயே கவலை இருக்கேடி" என்றார். அன்றைக்கு நன்றாகச் சிரித்தோம்.

2020 கடைசி அது. இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறோம். ஊரடங்கில் ஊரே நாய்க்குட்டி தேட, விலை தாறுமாறாக ஏறிக்கிடந்தது. எங்களுக்குச் சின்ன வீடு, கைக்குட்டை அளவு தோட்டம், ஒன்பது வயது மகள். கவலியர் ஐந்தரை முதல் எட்டு கிலோவுக்குள் நிற்கும், குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும். வேட்டை நாய்க் குடும்பத்தில் பிறந்துவிட்டு, மடியில் உட்காருவதையே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாக வைத்துக்கொண்ட ஜாதி. வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம்.

முதல் தடவை நன்றாக ஏமாந்தோம். ஆன்லைன் விளம்பரத்தில் வெள்ளையும் செம்பழுப்புமாக ஒரு குட்டி, அந்த நிறத்துக்கு பிளென்ஹைம் என்று பெயர். முன்பணம் 200 பவுண்டு அனுப்பிய பிறகு அந்த ஆள், "கொரோனா, வீட்டுக்கு வர வேண்டாம், நெடுஞ்சாலை ஓரத்து கார் பார்க்கில் கொண்டுவந்து தருகிறேன்" என்றார். தாய் நாயைப் பார்க்க முடியுமா என்று கேட்டோம், அதோடு போன் அடங்கிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வருடம் ஏப்ரலில்தான் இங்கே லூசி சட்டம் வந்திருந்தது: ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது, வளர்த்தவரிடமே, தாயோடு, பிறந்த இடத்தில் பார்த்து வாங்க வேண்டும். லூசி என்பது 2013இல் வேல்ஸில், விற்பதற்காகவே நாய்க்குட்டிகளை ஈன வைக்கும் ஒரு பண்ணையிலிருந்து மீட்கப்பட்ட நாய், அதுவும் ஒரு கவலியர். இதெல்லாம் பணம் போன பிறகு படித்தது.

படிக்கப் படிக்க அம்மா சொன்ன கவலை ஆரம்பித்தது. இந்த ஜாதிக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு சீக்கிரமே தேய்ந்துபோகும். ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய பாதிக்கு மர்மர், அதாவது இதயத்துடிப்போடு ஒரு இரைச்சல், கேட்கும், பத்து வயதில் அனேகமாக எல்லாவற்றுக்கும். இன்னொன்று, மூளைக்குப் போதாத சின்ன மண்டை ஓடு. அதனால் தண்டுவடத்துக்குள் நீர் கட்டி, கழுத்தைத் தொட்டாலே வலிக்கும் நிலை வரலாம், அதை எம்ஆர்ஐ எடுத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆக, குட்டியின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியின் இதயத்தைத்தான் விசாரிக்க வேண்டும். பெற்றோருக்கு இரண்டரை வயதாவது ஆகி இதயம் சுத்தமாக இருக்க வேண்டும், அவற்றைப் பெற்றவற்றுக்கு ஐந்து வயதிலும் மர்மர் இருந்திருக்கக் கூடாது. ஜாதகம் பார்த்தே கல்யாணம் கட்டிக்கொண்ட எனக்கு இது புதிதா என்ன!

ஏழெட்டுப் பேரிடம் கேட்டிருப்பேன். "வெட் பார்த்துட்டார், எல்லாம் நல்லா இருக்கு" என்பதுதான் பொதுவான பதில். வெட் என்கிற சாதாரண கால்நடை மருத்துவர் பார்ப்பது வேறு, இதய நிபுணர் சான்று கொடுப்பது வேறு. கடைசியில் ஷ்ராப்ஷயரில் வயதான ஒரு பெண்மணி, குட்டியைக் காட்டுவதற்கு முன்னாலேயே ஒரு தடித்த ஃபைலை மேசையில் வைத்தார். எக்கோ என்கிற இதய ஸ்கேன், எம்ஆர்ஐ, மரபணுச் சோதனை, எல்லாம் தேதியோடு. நாங்கள் புரட்டிக்கொண்டிருக்கும்போது பதினோரு வயதுப் பாட்டி நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தது. ஃபைலைவிட எனக்கு அதுதான் சான்று. பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள் என்று அவர் எங்களை விசாரித்ததையும் சொல்ல வேண்டும், கவலியரைத் தனியாக விட்டால் வாடிப்போகும். ஏழு மாதம் காத்திருந்து, 2021 கோடையில் பூந்தி வந்தாள்.

வளர்ப்பதில் பாதி வேலை காதுதான். தண்ணீர் குடித்தால் காது நனையும், சாப்பிட்டால் குழம்பில் முக்கியதுபோல் ஆகும், காதுக்குப் பின்னால் முடி சிக்குப் பிடித்துவிட்டால் கத்தரிக்கோல்தான். தினமும் ஐந்து நிமிடம் சீப்பு போட்டால் போதும், ஒரு வாரம் விட்டால் ஒரு மணி நேரம். கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுப்பதில்லை, மார்போடு மாட்டும் ஹார்னஸ்தான். இன்சூரன்ஸை முதல் வாரமே போட்டுவிடுங்கள். நோய் கண்டுபிடித்த பிறகு போட்டால் அந்த நோய்க்குப் பணம் தர மாட்டார்கள்.

2022இல் அம்மா வந்தார். சாப்பாட்டு நேரத்தில் காதை மேலே இழுத்துக் கட்ட, என் பழைய சாக்ஸின் பாதத்தை வெட்டி ஒரு குழாய் தைத்துக் கொடுத்தார், கடையில் வாங்கியதைவிட நன்றாக நிற்கிறது. சாம்பார் சோறு போடாதீங்க, வெங்காயம் நாய்க்கு விஷம் என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்திருந்தேன். பாயசத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கிண்ணம் கவிழ, பூந்தி நக்கி முடித்த தரையில் முந்திரி மட்டும் கிடந்தது, உலர்திராட்சை ஒன்றுகூட இல்லை. திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், எத்தனை தின்றால் ஆபத்து என்று கணக்கும் கிடையாது. அவசர மருத்துவமனையில் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். ஏழு திராட்சை. முழுசு முழுசாக. அம்மா காரில் திரும்பும்வரை பேசவே இல்லை.

நடுவில் நார்வே உச்ச நீதிமன்றம் 2023இல் கவலியர்களை இனப்பெருக்கம் செய்வது அந்நாட்டு விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆபீசில் ஒருவர் அதை எனக்கு அனுப்பினார். கோபம் வந்தது, ஆனால் மறுத்துப் பேச முடியவில்லை. இன்னொரு கவலியர் வாங்குவேனா? மாட்டேன்.

அவ்வளவு பார்த்து வாங்கியும், நான்கரை வயதில் தடுப்பூசிக்குப் போன இடத்தில் வெட் ஸ்டெதஸ்கோப்பை வைத்த இடத்திலேயே கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார். இரண்டாம் நிலை மர்மர். எக்கோவில் இதயம் பெரிதாகவில்லை, அதனால் இப்போதைக்கு மாத்திரை கிடையாது. பெரிதானால் பிமோபெண்டான் என்ற இதய மாத்திரையைத் தொடங்குவார்கள், இதயம் செயலிழப்பதை அது ஒரு வருடத்துக்கும் மேல் தள்ளிப்போடும் என்று 2016இல் வந்த ஆய்வு சொல்கிறது. எங்கள் வேலை, அவள் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது. முப்பதுக்குக் கீழே இருந்தால் சரி, தொடர்ந்து தாண்டினால் ஓட வேண்டும்.

மகள் அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். அம்மா வீடியோ காலில் வந்தால் இப்போதெல்லாம் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனைடி?"

நேற்று பத்தொன்பது.