ஓஆர்எம் பழக: முதல் நாளே எக்கோவைப் போட்டுவிடுங்கள்

டேட்டாபேஸ் டேபிள்களை கிளாஸ், ஆப்ஜெக்ட்களாகக் கையாள உதவுவது ஓஆர்எம். பைத்தானில் எஸ்க்யூஎல் ஆல்கெமி என்ற ஓஆர்எம் லைப்ரரியை வைத்துப் பழகியதில் தேறியவை இவை. இணையத்தில் கிடைக்கும் பாதிப் பாடங்கள் 'செஷன் குவெரி' பாணியில் இருக்கும். அது இன்னும் ஓடும்தான். ஆனால் 2023 ஜனவரியில் 2.0 வந்த பிறகு 'செலக்ட்' எழுதுவதே முறை. அதிலேயே தொடங்குங்கள்.

எஞ்சினை (டேட்டாபேஸ் இணைப்பைக் கவனிக்கும் ஆப்ஜெக்ட்) உருவாக்கும்போதே எக்கோவை ட்ரூ ஆக்கிவிட வேண்டும். பின்னால் ஓடும் ஒவ்வொரு எஸ்க்யூஎல் வரியும் திரையில் விழும். இது இல்லாமல் ஓஆர்எம் கற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பது மாதிரி.

ஆசிரியர், புத்தகம் என்று இரண்டு கிளாஸ், நடுவே ஒரு ரிலேஷன்ஷிப். 100 ஆசிரியர்களை எடுத்து, லூப்பில் ஒவ்வொருவரின் புத்தகங்களையும் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் 101 குவெரி ஓடும்: ஆசிரியர் பட்டியலுக்கு ஒன்று, பிறகு ஆளுக்கு ஒன்று. புத்தகங்களைத் தொடும்போதுதான் எடுத்து வருவது இதன் இயல்பு. செலக்டில் 'செலக்ட்இன்லோட்' சேர்த்தால் 101 இரண்டாகச் சுருங்கும். பத்து வரி டேட்டாவில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. லைவில்தான் பல்லைக் காட்டும்.

அடுத்த சிக்கல், கமிட்: அதாவது மாற்றங்களை டேட்டாபேஸில் நிலையாகப் பதிவது. கமிட் ஆனதும் ஆப்ஜெக்டில் இருந்த மதிப்புகள் காலாவதியாகும். மறுபடி தொட்டால் டேட்டாபேஸிலிருந்து புதிதாகப் படிக்கும். அதற்குள் செஷனை, அதாவது டேட்டாபேஸோடு பேசும் அமர்வை, மூடியிருந்தால் 'டிடாச்டு இன்ஸ்டன்ஸ்' எரர். 'எக்ஸ்பயர் ஆன் கமிட்' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் ஏற்கெனவே படித்த மதிப்புகள் நிற்கும். ஆனால் அதுவரை எடுக்காத ரிலேஷன்ஷிப்பைத் தொட்டால் அதே எரர் வரும். வெப் ஆப் என்றால் ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு செஷன், வேலை முடிந்தபின் மூடுவது. குளோபல் செஷன் வேண்டவே வேண்டாம்.

பழகுவதற்கு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் வசதி. ஆனால் ஃபாரின் கீயை (ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் இணைப்பு) அது தானாகச் சரிபார்ப்பதில்லை; ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். மறந்தால், இல்லாத ஆசிரியரின் பெயரில் புத்தகம் சத்தமில்லாமல் ஏறிவிடும். அதே கோடு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எரர் அடிக்கும்.

கிளாஸில் புதிய காலம் (டேபிளின் நெடுவரிசை) சேர்த்துவிட்டு 'கிரியேட் ஆல்' ஓட்டினால் ஒன்றும் நடக்காது. இல்லாத டேபிளை மட்டுமே அது உருவாக்கும், இருப்பதை மாற்றாது. அதற்கு அலெம்பிக் என்ற கருவி வேண்டும். அதன் 'ஆட்டோஜெனரேட்' எழுதித் தரும் ஃபைலைப் படிக்காமல் ஓட்டாதீர்கள்: காலத்தின் பெயரை மாற்றினால், பழையதை நீக்கிப் புதியதைச் சேர்ப்பதாகவே அது எழுதும். அப்படியே ஓட்டினால் அந்தக் காலத்தில் இருந்த டேட்டா போச்சு. டிராப், ஆட் வரிகளை எடுத்துவிட்டு, 'ஆல்டர் காலம்' கட்டளையில் புதுப் பெயரைக் கையால் எழுதுங்கள்.