மாடிப்படி தேர்ந்தெடுத்த தொலைநோக்கி

2 டிசம்பர் 2024, திங்கள்

ஃபெஞ்சல் புயலின் மிச்ச மழை திருப்பத்தூரை இன்னும் விட்டபாடில்லை. வானமே கண்ணில் படாத நாளில் தொலைநோக்கி வாங்குவதைப் பற்றி எழுத உட்கார்வது வேடிக்கைதான். ஆனால் தை பிறந்தால் வானம் தெளிந்துவிடும், அதற்குள் எதை வாங்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். இருபத்தைந்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

அக்கா மகன் பள்ளிக் காலத்தில் ஆசையாக வாங்கி, இரண்டே மாதத்தில் பரணில் போட்டுவிட்ட தொலைநோக்கியை ஒத்திகைக்காக எடுத்து வந்தேன். முகப்பு வில்லையின் விட்டம் 70 மி.மீ., குவியத் தூரம் 700 மி.மீ. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "525 மடங்கு" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பொய் இல்லை. 700-ஐ, கண்ணை வைத்துப் பார்க்கும் 4 மி.மீ. கண்வில்லையால் வகுத்தால் 175. கூடவே வரும் பார்லோ வில்லை அதை மூன்று மடங்காக்கினால் 525. அந்த 525 மடங்கில் என்ன தெரியும் என்பதைத்தான் பெட்டி சொல்லவில்லை.

7 டிசம்பர், சனி

சூரியனுக்கு நேரெதிரே வியாழன் வரும் நாள் இன்று. இரவு ஒன்பது மணிக்கு மேகம் சற்று விலகியதும் மாடிக்கு ஓடினேன். 20 மி.மீ. கண்வில்லையில், அதாவது 35 மடங்கில், வியாழன் சிறு வெண்பொட்டாகவும் அதன் துணைக்கோள்கள் ஒரே கோட்டில் புள்ளிகளாகவும் தெரிந்தன. மகள் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானாப்பா?" என்றாள். பேராசையில் 4 மி.மீ. வில்லையை மாட்டினேன். குவியத்தைச் சரிசெய்யத் திருகைத் தொட்ட மாத்திரத்தில் வியாழன் ஜெல்லியைப் போல ஆடத் தொடங்கியது. ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து பார்த்தால், கோள் பார்வைப் புலத்தின் விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. பூமி நிமிடத்துக்குக் கால் பாகை சுழல்கிறது, அந்த வில்லை காட்டும் வானமோ கால் பாகைகூட இல்லை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நள்ளிரவில் வியாழன் ஏறக்குறைய உச்சிக்கு வந்தபோது குழாயின் அடிப்பகுதி முக்காலியின் காலில் இடித்தது. வெளிநாட்டார் எழுதும் வழிகாட்டிகளில் இந்தச் சிக்கல் பெரிதாகப் பேசப்படுவதில்லை. நம் ஊர் அட்சரேகையில் கோள்கள் பெரும்பாலும் தலைக்கு மேலேயே போய்வருகின்றன.

12 டிசம்பர், வியாழன்

நாளை அண்ணாமலையார் தீபம். மறுபடியும் மழை. கணக்குப் போட நல்ல நாள்.

ஒரு தொலைநோக்கி பயனுள்ள வகையில் எத்தனை மடங்கு பெருக்கும் என்பதற்கு, முகப்பு விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குவது வழக்கம். 70 மி.மீ. என்றால் 140, அதற்கு மேல் படம் பெரிதாகுமே தவிரத் துலங்காது. முகப்பு வில்லைக்குப் பதில் குழி ஆடியால் ஒளி சேர்க்கும் தொலைநோக்கிகளும் உண்டு. சேரும் ஒளியோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 130 மி.மீ. ஆடி 70 மி.மீ. வில்லையைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு ஒளி பிடிக்கும், 200 மி.மீ. ஆடி எட்டு மடங்கு பிடிக்கும். வியாழனுக்கும் நிலவுக்கும் ஒளிப் பஞ்சம் இல்லை, நெபுலாக்கள் எனும் மங்கலான விண்முகில்களுக்கு உண்டு.

பழைய பெட்டியைக் கிளறியதில் கண்வில்லையில் திருகி மாட்டும் சூரிய வடிகட்டி ஒன்று கிடைத்தது. முகப்பில் சேர்ந்த வெயில் முழுவதும் குவிந்து விழும் இடத்தில் அந்தச் சிறு கண்ணாடி சூடேறி வெடித்தால் கண் போய்விடும். சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் முகப்பை முழுதாக மூடும் வடிகட்டிதான் வேண்டும். இதைச் சுத்தியலால் நொறுக்கிக் குப்பையில் போட்டேன்.

28 டிசம்பர், சனி

மகளுடன் ஜவ்வாது மலை ஏறிக் காவலூர் வானாய்வகத்துக்குப் போய்வந்தேன். அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கிதான் 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அந்தக் கோளின் வளையங்களுக்குச் சான்று பிடித்தவற்றுள் ஒன்று. பக்கத்திலேயே வானியலாளர் வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பெரிய குவிமாடம். எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்த வானம்தான். வெறும் 10×50 பைனாகுலரில் கார்த்திகைக் கூட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கியது; என் வீட்டு மாடியில் அதே பைனாகுலரில் அதில் பாதிதான் தெரிகிறது. அப்படியானால், நான் வாங்குவது தூக்கி வண்டியில் வைக்க முடிகிற கருவியாக இருக்க வேண்டும்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

அலுவலக நண்பர் தம்முடைய தொலைநோக்கியை, நிலநடுக்கோட்டு வகைத் தாங்கியோடு, எங்கள் மாடிக்கே கொண்டுவந்தார். அதன் அச்சைத் துருவ விண்மீனை நோக்கி நிறுத்திவிட்டால், ஒரே திருகைச் சுழற்றிக் கோளைப் பின்தொடரலாம். ஆனால் துருவ விண்மீன் இங்கே அடிவானத்திலிருந்து பன்னிரண்டரைப் பாகை உயரத்தில்தான் இருக்கிறது. கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி அகலமும் கொஞ்சமும். அந்த இடத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அச்சை அத்தனை தாழ்வாகச் சாய்த்ததும் எதிர்எடைத் தண்டு முக்காலியில் இடித்தது. "குளிர் நாட்டுக்காரனுக்குச் செஞ்சதுங்க சார்" என்று அவரே சிரித்தார். பிறை நிலவின் பள்ளங்களைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினோம். இந்த வகைத் தாங்கி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

எஞ்சியது, ஜான் டாப்சன் பெயரால் வழங்கும் டாப்சோனியன் வகை ஆடித் தொலைநோக்கி. அவர் 1915-இல் பெய்ஜிங்கில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் சேர்ந்து இருபத்துமூன்று ஆண்டுகள் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, ஒட்டுப்பலகைப் பெட்டியில் குழாயைப் பொருத்தித் தெருவோரத்தில் போவோர் வருவோருக்கெல்லாம் வானம் காட்டியவர். முக்காலியும் பல்சக்கரமும் இல்லை. கையால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும்.

ஆசை 200 மி.மீ. ஆடியின் மேல்தான் இருந்தது. குழாய் நான்கடி நீளம், பீடத்தோடு சேர்த்து இருபது கிலோவுக்கு மேல். எங்கள் வீட்டு மாடிக்கு இரும்புச் சுருள்படி. நான்கடி பிவிசி குழாய் ஒன்றைத் தோளிலும் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கையிலும் பிடித்து ஏறிப் பார்த்தேன். மூன்றாவது திருப்பத்தில் குழாய் கைப்பிடிக் கம்பியில் சிக்கிக்கொண்டது. "பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள், இறங்குங்கள்" என்றாள் மனைவி. பணக் கணக்கையும் ஒளிக் கணக்கையும்விட அந்தப் படியே தெளிவாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

19 ஜனவரி, ஞாயிறு

130 மி.மீ. மேசை டாப்சோனியன் வந்துவிட்டது. குவியத் தூரம் 650. உடன் வந்த 25, 10 மி.மீ. கண்வில்லைகள் 26, 65 மடங்கு தருகின்றன. ஒரு கையில் கருவி, மறு கையில் டார்ச். சுருள்படியில் சிக்காமல் ஏறிவிட்டேன். பிளாஸ்டிக் முக்காலியில் வைத்ததும் பழைய ஆட்டமே திரும்பியது. எங்கள் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சிமென்ட் திட்டுக்கு மாற்றியதும் அசைவில்லை.

ஆனால் விண்மீன் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வால் முளைத்ததுபோல் தெரிந்தது. வரும் வழியில் குலுங்கியதில் ஆடிகள் நேர்க்கோடு தப்பியிருக்கின்றன. பழைய ஃபிலிம் டப்பாவின் மூடியில் நட்டநடுவே துளையிட்டு, டப்பாவின் அடியை அறுத்தெடுத்துக் கண்வில்லை இருக்கும் இடத்தில் செருகி, அதன் வழியே பார்த்தபடி பின்புறத்து மூன்று திருகுகளையும் மாறி மாறித் திருப்பினேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

பகலெல்லாம் வெயில் குடித்த தளம் மாலையில் வெப்பத்தை உமிழ்வதால் ஏழு மணிக்குப் படம் கொதிப்பதுபோல் தெரிகிறது; கருவியை அரை மணி நேரம் முன்பே மாடியில் வைத்தாலும் எட்டுக்குப் பிறகுதான் அடங்குகிறது. ஆனால் சனி அதுவரை காத்திருப்பதில்லை. மேற்கே தாழ்ந்துவிட்ட அதைக் கொதிப்போடுதான் பார்த்தோம். மார்ச் 23 அன்று வளையம் நமக்கு விளிம்பைக் காட்டப் போவதால், இப்போதே கோளின் குறுக்கே ஊசி செருகியதுபோல் மெல்லிய கோடாகிவிட்டது. படங்களில் பார்த்த சனியை எதிர்பார்த்த மகளுக்கு ஏமாற்றம். அதற்கு மேலே வெள்ளி பிறையாக நின்றதை அவளால் நம்ப முடியவில்லை, நிலவுதான் வந்துவிட்டதோ என்று குழாயிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தாள்.

எட்டரை மணிக்குக் குழாயை ஓரியன் விண்மீன் கூட்டத்தின் வாள் பகுதியில் உள்ள நெபுலாவுக்குத் திருப்பினேன். 26 மடங்கில் சாம்பல் நிறப் புகை சிறகு விரித்ததுபோல. 65 மடங்கில் அதன் நடுவே நான்கு விண்மீன்கள் நெருக்கமாக, தனித்தனியாக. மகள் பத்து நிமிடம் கண்ணை எடுக்கவில்லை. பின்பு, "அடுத்த சனிக்கிழமை இதைக் காவலூர் ரோட்டுக்கு எடுத்துட்டுப் போலாமாப்பா?" என்றாள். இரவு படுக்கும் முன் வண்டியின் பின்னிருக்கையை அளந்து பார்த்துவிட்டேன். குழாய் குறுக்கே படுக்கும்.