நாலு பேராலயமும் ஒரு தொழுகைக்கூடமும்

உரோமைக்குத் திருப்பயணம் போகிறவர்கள் நாலு பேராலயங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம்: புனித பேதுரு, புனித பவுல், இலாத்தரன், மரியா மேஜர். 2025 யூபிலி ஆண்டில் நாங்கள் போனபோதும் அதே பட்டியல்தான். நாலிலும் புனிதக் கதவு வழியாக நுழைந்தோம், வெயிலில் வரிசையில் நின்றோம், ஜெபமாலை சொன்னோம். அதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். குழுவுக்கு ஓய்வு கொடுத்த ஒரு பிற்பகலில் நானும் சித்தியும் போய்வந்த யூதர்களின் தொழுகைக்கூடத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். அங்கே தங்கிப் படிக்கும் நம்மூர் சிஸ்டர் ஒருவர் எங்களைக் கூட்டிப்போனார்.

"யூதர் கோயிலுக்கா? அவுங்கதானே சேசுவைக் கொன்னது?" என்றார் சித்தி. பகையாகச் சொல்லவில்லை, சும்மா தெரிந்ததைச் சொன்னார். எங்கள் ஊர் பாஸ்காவில், அதாவது இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகத்தில், அவரைச் சாட்டையால் அடிக்கும் சேவகர்களை யாரும் உரோமையர் என்று சொல்வதில்லை. "யூதனுங்க" என்றுதான் சொல்வோம். சின்ன வயதில் அந்த வேஷம் போட்ட மாமாவைப் பார்த்தாலே நான் ஓடி ஒளிவேன்.

"நடந்துக்கிட்டே பேசுவோம்மா" என்றார் சிஸ்டர்.

டைபர் ஆற்றின் நடுவே ஒரு சின்னத் தீவு. அங்குள்ள ஆலயத்தில் திருத்தூதர் பர்த்தலமேயுவின் திருப்பண்டம் இருப்பதாக மரபு. நமக்கு அவர் அந்நியர் அல்ல. பான்டேனுஸ் என்பவர் இந்தியாவுக்குப் போனபோது, பர்த்தலமேயு விட்டுச்சென்ற மத்தேயு நற்செய்தியை எபிரேய எழுத்தில் அங்கிருந்தவர்களிடம் கண்டதாக நாலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதியிருக்கிறார். அது எந்த இந்தியா என்று இன்றும் விவாதம் உண்டு. அந்தக் கதை உண்மையானால் நம் பக்கம் வந்த முதல் நற்செய்தி யூத எழுத்தில் வந்திருக்கிறது. சித்தி திருப்பண்டத்துக்கு முன்னால் முழங்காலிட்டுவிட்டு எழுந்தார்.

ஆலயத்துக்கு எதிரே இறைவனின் புனித யோவான் சபைச் சகோதரர்கள் நடத்திவந்த மருத்துவமனை. 1943இல் நாஜிகள் உரோமையைப் பிடித்து வைத்திருந்தபோது, யூதர்களை இங்கே நோயாளிகள் என்று சேர்த்து, "கே நோய்" என்று இல்லாத ஒரு தொற்றுநோயைப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள் டாக்டர்கள். சோதனைக்கு வந்த ஜெர்மன் சிப்பாய்கள் தொற்றுக்குப் பயந்து அந்த வார்டுக்குள் நுழையவில்லை. இந்தக் கதையைக் கேட்டதும் சித்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. நம் ஆட்கள் நல்லது செய்த கதையைக் கேட்க எல்லாருக்கும் பிடிக்கும். சிஸ்டர் அங்கே நிறுத்தவில்லை.

தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் ஃபாப்ரிசியோ பாலம் கிறிஸ்து பிறப்பதற்கு அறுபது வருஷங்களுக்கு முன் கட்டியது. அதில் இறங்கியதும் வலப்பக்கம் புனித கிரகோரி பெயரில் ஒரு சின்னக் கோயில். முகப்பின் உச்சியில் பாடுபட்ட இயேசுவின் ஓவியம், அதன் கீழே அகலமான ஒரு கல்வெட்டு. ஒரு பாதி இலத்தீன், மறு பாதி எபிரேயம். இரண்டும் ஒரே வசனம், எசாயா 65ஆம் அதிகாரம்: கலகம் செய்யும் மக்களை நோக்கி நாள் முழுவதும் என் கைகளை நீட்டினேன்.

ஒரு கிறிஸ்தவக் கோயிலின் முகப்பில் எபிரேய எழுத்து ஏன்? இந்தக் கோயிலின் வாசலுக்கு எதிரேதான் கெட்டோ என்ற யூதர் குடியிருப்பின் கதவு இருந்தது. 1555 ஜூலையில் திருத்தந்தை நான்காம் பவுல், யூதர்கள் எல்லாரும் ஆற்றோரத்தில் ஒரு சுவருக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்று ஆணை போட்டார். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குகிற பள்ளமான இடம் அது. ராத்திரி கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் மஞ்சள் தொப்பி போட வேண்டும். வீடு நிலம் வாங்கக் கூடாது, பழைய துணி வியாபாரம் தவிர வேறு வியாபாரமும் கூடாது. சுவர் கட்டிய செலவையும் அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். பின்னால் 13ஆம் கிரகோரி காலத்தில், சனிக்கிழமைகளில் கிறிஸ்தவ மறையுரைக்கு அவர்கள் வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்தது. பலர் காதில் மெழுகை அடைத்துக்கொண்டு உட்கார்ந்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் கட்டாயம் ஒழிய 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆனது.

நான் அந்தக் கல்வெட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எசாயா திட்டியது தன் சொந்த ஜனத்தை. பெற்றவள் பிள்ளையைத் திட்டுவது வேறு. அதே வார்த்தையைப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதி அந்தப் பிள்ளையின் வாசலில் ஒட்டுவது வேறு. நம் வேதத்தில் பாதி அவர்களிடமிருந்து வந்தது. அதைக் கொண்டே அவர்களை அடித்திருக்கிறோம்.

கோயிலுக்குக் குறுக்கே சாலையைத் தாண்டினால் தொழுகைக்கூடம். 1904இல் திறந்தது. உரோமையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வட்டக் குவிமாடங்கள். இது மட்டும் சதுரம். கெட்டோவின் சுவர் போய், 1870க்குப் பிறகு சம உரிமை வந்தபோது, தூரத்திலிருந்தே தனியாகத் தெரியட்டும் என்று கட்டியது. வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய்கள், உள்ளே நுழையப் பை சோதனை. 1982 அக்டோபர் 9ஆம் தேதி வழிபாடு முடிந்து வெளியே வந்தவர்கள் மீது பயங்கரவாதிகள் குண்டு வீசியதில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று செத்துப்போனது. அதிலிருந்து இந்தக் காவல். நம் கோயிலுக்குப் போகும்போது யார் நம் பையைத் திறந்து பார்க்கிறார்கள்?

உள்ளே போனதும் எனக்குத் தலையில் வைக்கச் சின்னத் தொப்பி ஒன்று கொடுத்தார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. அண்ணாந்து பார்த்தால் குவிமாடத்தின் உட்புறம் முழுக்க வானவில் நிறங்கள். சுரூபம் கிடையாது. "எங்க முழங்கால் போடறது?" என்று சித்தி என் காதில் கேட்டார். "சும்மா உக்காந்தா போதும் சித்தி" என்றேன். உட்கார்ந்து ஒரு பரலோக மந்திரம் சொன்னார்.

கட்டடத்திலேயே கீழே இருக்கிற அருங்காட்சியகத்தில்தான் சித்தி அசையாமல் நின்றது. யூதர்களின் வேதமான தோரா சுருளுக்குப் போர்த்தும் பட்டுகள். பழைய துணி தவிர வேறு தொழில் செய்யவிடாத காலத்தில், பிரபுக்கள் வீட்டிலிருந்து வந்த உடைகளைப் பிரித்து, அதில் நல்ல பாகத்தை வெட்டி, பொன் சரிகை வைத்துத் தைத்த போர்வைகள். எங்கள் ஊரில் திருவிழாவுக்கு மாதாவுக்குச் சேலை கட்டுவது பரம்பரையாகச் சித்தி வீட்டு உரிமை. பாஸ்கா உடைகளையும் அவர்தான் தைக்கிறார். கண்ணாடியில் மூக்கு உரச, ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று தேடினார். "ஒட்டே தெரியலப்பா" என்றார். அங்கே வழிகாட்டியாக இருந்த வயதான அம்மாவிடம், தொழுகைச் சால்வையின் குஞ்சத்தை எப்படி முடிகிறார்கள் என்று சிஸ்டரை விட்டுக் கேட்டார். நாலு மூலையிலும் முடிச்சுப் போடும் விதத்தை அந்த அம்மா விரலை மடக்கிக் காட்டினார். "சேசுவும் இதத்தான் போட்டிருப்பாரா?" அதையும் கேட்கச் சொன்னார் சித்தி. "பிறகு?" என்று சிரித்தார் அந்த அம்மா.

1986 ஏப்ரல் 13ஆம் தேதி இந்தக் கூடத்துக்குத்தான் புனித இரண்டாம் ஜான் பால் வந்தார். வத்திக்கானிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஆனாலும் ஒரு திருத்தந்தை தொழுகைக்கூடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று வரலாறு சொல்கிறது. உரோமை யூதர்களின் தலைமை ரபி, அதாவது தலைமை மதகுரு, எலியோ தொவாஃப் வாசலில் கட்டித் தழுவி வரவேற்றார். நீங்கள் எங்கள் அன்புச் சகோதரர்கள், ஒரு வகையில் மூத்த சகோதரர்கள் என்றும் சொல்லலாம் என்று திருத்தந்தை பேசினார். பின்னால் தன் உயிலில் உரோமையின் ரபியை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். 2010இல் 16ஆம் பெனடிக்டும் 2016இல் பிரான்சிசும் இங்கே வந்தார்கள்.

அந்த வாசலைத் திறந்தது, உலகெங்கிலுமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம். ஆஷ்விட்சில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் இசாக், 1960 ஜூனில் புனித 23ஆம் யோவானைச் சந்தித்து, கிறிஸ்தவப் போதனையிலேயே வெறுப்பு ஊறியிருக்கிறது, அதைத் திருத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். 1965 அக்டோபர் 28ஆம் தேதி 'நோஸ்த்ரா எத்தாத்தே' ஏடு 2221க்கு 88 என்ற வாக்கில் நிறைவேறியது. இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றிருந்த யூதர் எல்லார் மீதும் போட முடியாது, இன்றிருப்பவர்கள் மீதும் போட முடியாது என்பது அதன் நாலாம் பகுதி. அறுபது வருஷம் ஆகிவிட்டது. என் சித்தியிடம் அதை யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்து தெருவில் நடந்தோம். பொரித்த ஆர்ட்டிசோக் வாசனை, வெயிலில் மேசை போட்ட உணவகங்கள். காலடியில் வாசலுக்கு வாசல் உள்ளங்கையளவு பித்தளைக் கற்கள். சிஸ்டர் குனிந்து ஒன்றை வாசித்தார்: இங்கே வாழ்ந்தவர், பெயர், பிறந்த வருஷம், கைதான நாள், ஆஷ்விட்ஸ். பல கற்களில் கைதான நாள் ஒன்றுதான், 1943 அக்டோபர் 16. அன்று சனிக்கிழமை. விடியற்காலையில் பிடித்து ரயிலில் ஏற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் திரும்பி வந்தவர்கள் 16 பேர். ரயிலுக்கு முன் அவர்களை அடைத்து வைத்திருந்த ராணுவக் கல்லூரி, பேதுரு பேராலயத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மடங்களும் குருமடங்களும் ஆயிரக்கணக்கானோரை ஒளித்து வைத்துக் காப்பாற்றின. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் வெளிப்படையாகக் கண்டித்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்கிறார்கள் ஒரு சாரார். எனக்கு அந்த விளக்கம் முழுசாக ஒட்டவில்லை.

இந்தக் கற்களையும் சிலரால் பொறுக்க முடியவில்லை. 2018இல் உரோமையின் வேறொரு தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக 20 கற்களைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

காசாவைப் பற்றி நான் கேட்டேன். கேட்காமல் எப்படி இருக்க முடியும்? "ஒரு அரசாங்கம் பண்றத எதிர்த்துப் பேசுங்க, வேண்டாம்னு யார் சொன்னா? அதுக்காக இந்தத் தெருவுல இருக்கற பாட்டிமேல எச்சில் துப்புவீங்களா?" என்றார் சிஸ்டர். 2024 பிப்ரவரியில் இஸ்ரயேலில் உள்ள யூதர்களுக்கு எழுதிய கடிதத்தில், யூத வெறுப்பு கடவுளுக்கு எதிரான பாவம் என்றார் திருத்தந்தை பிரான்சிஸ். அந்தக் கடிதத்துக்குச் சில வாரங்கள் முன்னால்தான் உரோமையின் தலைமை ரபி அவருடைய போர் பற்றிய பேச்சுகளைப் பகிரங்கமாக விமர்சித்திருந்தார். மனஸ்தாபத்தை மூடி மறைக்காமல் பேசிக்கொள்ளும் அளவுக்கு உறவு வந்திருப்பதே பெரிதுதான். சாந்த் எஜீதியோ என்ற கத்தோலிக்கக் குழுமத்தினரும் உரோமை யூதர்களும் 1994 முதல் அக்டோபர் 16 நினைவாகச் சேர்ந்து ஊர்வலம் போகிறார்கள்.

ஊருக்கு வந்த பிறகு, தவக்காலத்துக்கு முன் பாஸ்கா கூட்டம் நடந்தது. இரண்டு விஷயம் கேட்டேன். அடிப்பவர்களை அறிவிப்பில் உரோமைச் சேவகர் என்று சொல்லுங்கள். இவனுடைய இரத்தம் எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று யூதக் கூட்டமாக நின்று ஊரே கத்துகிற காட்சியை எடுத்துவிடுங்கள்.

"பைபிள்லயே இருக்கே தம்பி" என்றார் யூதத் தலைமைக் குரு கயபாவாக நடிக்கும் அண்ணன். இருக்கிறது, கோயிலில் அப்படியே வாசிப்போம். நாடகத்தில் நாலு தடவை கத்தச் சொல்லி மத்தேயு எழுதவில்லை. ஜெர்மனியில் ஓபராமர்காவ் என்ற ஊரில் 1634 முதல் பாஸ்கா போடுகிறார்கள். 1934இல் அதை ஹிட்லர் வந்து பார்த்துப் பாராட்டினான். 2000இல் அந்த ஊரார் இதே வசனத்தை எடுத்துவிட்டார்கள். இதைச் சொன்னதும் கொஞ்சம் அமைதி. அறிவிப்பு மாறியது. கத்துவது நாலிலிருந்து ஒன்றானது. அவ்வளவுதான் முடிந்தது.

பிறகு உடை விஷயம். எங்கள் பாஸ்காவில் இயேசுவுக்கும் சீடர்களுக்கும் வெள்ளை அங்கி, யூதக் குருக்களுக்கு மட்டும் கறுப்புத் தாடியும் கோடு போட்ட சால்வையும். சித்தி எழுந்து, இந்தத் தடவை இயேசுவுக்கும் மாதா குடும்பத்தாருக்கும் அதே சால்வைதான், நாலு மூலையிலும் குஞ்சம் வைத்துத் தைப்பேன் என்றார்.

"எல்லாருக்கும் ஒரே துணின்னா யாரு கெட்டவன்னு சனத்துக்குத் தெரியணும்ல சின்னம்மா?"

"நடிச்சுக் காட்டு. அதுக்குத்தான நீ இருக்க" என்றார் சித்தி.

துணிக்கான செலவு பங்குப் பேரவையில் இன்னும் பாஸாகவில்லை.