வெட்டக் கூடாத மூச்சு

ஏப்ரல் 4

வானொலி நாடகக் குரல் தேர்வுக்கு வீட்டிலேயே பழகுகிறேன். மின்விசிறியை நிறுத்தினால்தான் பதிவு செய்ய முடிகிறது. நிறுத்தினால் வியர்வை வசனத் தாளில் சொட்டுகிறது. திருச்சி வெயிலில் பின்னிரவைத் தவிர வேறு நேரம் வாய்க்காது போலிருக்கிறது.

ஏப்ரல் 6

எனக்கு வானொலி நடிப்பு சொல்லிக்கொடுக்கும் ஐயா இன்று பயிற்சிக்கு ரயில் நிலையக் காட்சியைக் கொடுத்தார். மகன் வேலைக்குப் புறப்படுகிறான், தாய் வழியனுப்புகிறாள். அவளுக்கு ஆறு வரிகள் மட்டுமே. நான் வாசிக்கத் தொடங்கும் முன்பே, "வண்டி நகரும்போது யார் குரல் தேயணும், சொல்லும்மா" என்று கேட்டார்.

கேட்பவரை நடைமேடையில் தாயின் பக்கத்தில் நிறுத்தினால், மகனாக நடிப்பவர் பேசிக்கொண்டே மைக்கை விட்டுப் பின்னோக்கி நடக்க வேண்டும்; தாய் நின்ற இடத்தில் நின்றபடி குரலை மட்டும் தூரத்துக்கு அனுப்ப வேண்டும். கேட்பவரை வண்டிக்குள் ஏற்றிவிட்டாலோ, மகன் மைக்கருகிலேயே இருக்க, விலகிப் போக வேண்டியவள் தாய். வசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் கதை யாருடையது என்பதே மாறிவிடுகிறது. திரைப்படத்தில் கேமரா எடுக்கும் முடிவை வானொலியில் நடிகரின் கால்கள் எடுக்கின்றன என்பது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. நான் நடைமேடையைத் தேர்ந்தெடுத்தேன்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. அவள் ஓடும் வண்டியை நோக்கிக் கூவுகிறாள், ஆனால் ஒலியளவு சிவப்புக் கோட்டைத் தொடக் கூடாது. சற்றுப் பின்னால் சாய்ந்து, முகத்தை மைக்கின் நேர்கோட்டிலிருந்து கொஞ்சம் விலக்கி, சுருதியை ஏற்றி, நெடிலை நீட்ட வேண்டும். தொலைவில் இருப்பவரைக் கூப்பிடும் எவரும் வெறுமனே உரக்கப் பேசுவதில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறார்கள், கடைசி உயிரொலியை இழுக்கிறார்கள். காந்தி மார்க்கெட்டில் மாலை முழுவதும் இதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 7

தேர்வுக்கான அழைப்புக் கடிதம் வரவில்லை.

ஏப்ரல் 9

எடிட்டிங் சொல்லிக்கொடுக்கும் தம்பி என் பதிவிலிருந்து மூச்சொலிகளை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, "இப்ப எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க அக்கா" என்றார். முப்பது வினாடி விளம்பரத்துக்கு அது சரியாக இருக்கலாம், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வினாடிக்கும் விலை உண்டு. ஆனால் என் தாய் "போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லு" என்பதற்கு முன் இழுக்கும் மூச்சில்தான், அழக் கூடாது என்று அவள் முடிவெடுப்பது இருக்கிறது. அதை வெட்டியபின் அந்த வரி ஓர் அறிவிப்பைப் போல் ஒலித்தது. முகமும் கையும் தெரியாத ஊடகத்தில் உடல் இருப்பதற்கு மிஞ்சியிருக்கும் அடையாளம் மூச்சு ஒன்றுதானே, அதையும் எடுத்துவிட்டால் கேட்பவர் யாரை நம்புவார்?

ஏப்ரல் 12

உதட்டுக்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். நெருங்க நெருங்கக் கீழ்ச்சுருதி கனத்துக் குரல் பெரிதாகிறது. ரகசியம் பேசும் காட்சிக்கு அது வரம், மற்ற இடங்களில் வெறும் அலங்காரம். "பகரத்தை மைக் மேல துப்பாதே" என்பது ஐயாவின் நிரந்தர ஆணை என்பதால், மைக்கைச் சற்று ஓரமாக வைத்து, காற்று அதைத் தாண்டிப் போகும்படி பேசுகிறேன். அத்தையின் பீரோவைத் திறந்துவைத்து, புடவை அடுக்குகளுக்கு எதிரே நின்றால் அறையின் எதிரொலி பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஒலியின் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்; பூஜ்யம்தான் எல்லை. தாளைப் புரட்டக் கூடாது என்பதால் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, தனித்தனித் தாள்களாகப் பிடித்துக்கொள்கிறேன்.

ஐயாவின் இருமல் குறையவில்லை.

ஏப்ரல் 13

மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலியில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதனால் மேல்சுருதி ஒலிகள் பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை, ஸகரமும் ஷகரமும் மழுங்குகின்றன. பழைய நடிகர்கள் மெய்யெழுத்துகளை அவ்வளவு அழுத்தமாக உச்சரித்தது மேடைப் பழக்கத்தால் மட்டும் அன்று என்று இப்போது புரிகிறது. வயலில் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு கேட்டவருக்கும் சொல் முழுதாகச் சேர வேண்டும் என்ற அக்கறையும் அதில் இருந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வானொலியில் 'இன்று ஒரு தகவல்' சொல்லிவந்த தென்கச்சி கோ. சுவாமிநாதனின் பழைய பதிவுகளைக் காலை முழுவதும் கேட்டேன். நகைச்சுவையைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை, சிரிப்பைக் கேட்பவருக்கே விட்டுவிடுகிறார். ஊருக்கே பேசுகிறோம் என்ற நினைப்பு அந்தக் குரலில் எங்கும் இல்லை. திண்ணையில் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குச் சொல்வது போலவே சொல்கிறார். மூச்சு எடுக்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டே வந்தேன். பொருள் முடியும் இடத்தில் எடுக்கிறார், நுரையீரல் கேட்கும் இடத்தில் எடுப்பதில்லை.

ஏப்ரல் 17

காட்சியில் வரும் மகனுடைய வசனத்தை அத்தை படித்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள்தாம், ஆனால் "சரிம்மா, வரேன்" என்ற இடத்தில் குரல் கம்மி நிறுத்திவிட்டார்கள். நானும் எதுவும் கேட்கவில்லை. பதிவை அழிக்கவில்லை.

ஏப்ரல் 19

தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்.

ஏப்ரல் 21

ஐயா படுக்கையில் இருந்தபடியே பேசினார். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கிய காலத்தில் நாடகங்கள் நேரடியாகவே ஒலிபரப்பாயின என்றும், வெட்டி ஒட்ட அன்று வழியே இல்லை என்றும் சொன்னார். அப்படியானால் அந்த நடிகர்கள் விட்ட மூச்செல்லாம் அப்படியே வீடுகளுக்குள் போயிருக்கிறது. தேர்வில் முதலில் தொடக்கத் தரமான 'பி' கிடைத்தாலே போதும், 'பி ஹை', 'ஏ', 'டாப்' என்ற மேல்தரங்களை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். பேச்சை இருமல் அறுத்தது. அவர் எழுந்து உட்கார முயன்றதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 22

எரிச்சலாக இருக்கிறது. எதையும் பதிவு செய்யவில்லை.

ஏப்ரல் 25

கடிதம் வந்துவிட்டது! வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. வசனத்தை அங்கேயே தருவார்களாம், ஆகவே ரயில் நிலையத் தாயை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அவளை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. நான்காவது வரியில் அவள் மூச்சை மகன் பெயருக்கு முன்னால் எடுக்கிறாளா, பின்னால் எடுக்கிறாளா என்பதை ஐயாவிடம் கேட்டே ஆக வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல்தான் பார்க்க விடுவார்கள் என்று அவர் மகள் சொன்னார்கள்.