ரெக்கார்டு நோட்டுக்குள் வந்த விண்ணப்பம்

நமக்கு ஒளியியல் எடுத்த சார் போன மாதம் காலமாகிவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது மெல்பர்னில் நடுராத்திரி. யாருக்குப் போன் போட்டுப் பேசுவது என்றே தெரியவில்லை. நம் ஊட்டிக் கல்லூரியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். சாரைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியா ஏற்றுக்கொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கண்டியிலிருந்து வந்து, கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அம்மா கொழுந்து பறித்தார். அரசு உதவித்தொகை இல்லையென்றால் நான் கல்லூரி வாசலை மிதித்திருக்க முடியாது. ஆனால் பள்ளியில் அதை வாங்கிய விதம் இன்றைக்கும் உறுத்துகிறது. "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரிங்க" என்பார்கள். எழுந்து நிற்போம். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். பி.எஸ்சி. சேர்ந்ததும் இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

சார் யாரையும் எழுப்பவில்லை. திருத்திய ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே நான்காக மடித்த விண்ணப்பம் இருந்தது. நான் நிரப்ப வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி. வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பதையும் ஓரத்தில் எழுதியிருந்தார். நம் வகுப்பில் வேறு யாருடைய நோட்டுக்குள் அது போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்புறம், உதவித்தொகை எப்போதும் தாமதமாகத்தான் வரும், தேர்வுக் கட்டணம் அதற்கு முன்பே கட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் யார் கைகொடுத்தார் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும்.

டிசம்பர் உறைபனியில் நம் ஒளியியல் ஆய்வகத்தின் அந்த இருட்டறை நினைவிருக்கிறதா? சோடியம் விளக்கு முதலில் இளஞ்சிவப்பாக எரியும். அது சூடேறி மஞ்சளாகும்வரை எல்லோரும் சுற்றி நின்று குளிர்காய்வோம். விரல் விறைத்துப்போயிருந்தால் மைக்ராஸ்கோப் திருகு சொன்னபடி கேட்காது, நியூட்டன் வளையங்களை (லென்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒளி உண்டாக்கும் வட்டங்களை) எண்ணுவதில் கணக்குத் தப்பிவிடும். "கை சூடாகட்டும்பா, வளையம் எங்கயும் போயிடாது" என்பார் சார்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைக்கு அழைத்துப்போனதையும் சொல்ல வேண்டும். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் எழுந்த ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நாங்கள் அந்த நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சார் மலைச்சரிவைக் காட்டினார். வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதுவேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டிருந்தால் ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். "உங்கம்மா தினம் ஏறி இறங்கற மாதிரி சரிவுதான். இதைத் தேடி வந்து கட்டியிருக்காங்க, பாரு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

எம்.எஸ்சி. முடித்ததும் மலைக்கே வந்து பாடம் எடு என்றார். நான் வெளிநாடு வந்துவிட்டேன். வேலை நன்றாக அமைந்தது, பிள்ளைகளும் படித்து முடித்தார்கள். குறையில்லை. ஆனாலும் சார் ஓய்வுபெற்ற பிறகு அந்த இருட்டறையில் நின்றது நானாக இருந்திருக்கலாமே என்ற நினைப்பு வயது ஏற ஏறக் கூடுகிறது.

சார் பெயரில் ஓர் உதவித்தொகை தொடங்கலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. என் பங்கை நிச்சயம் தருகிறேன். ஆனால் பிள்ளைகளை மேடையேற்றிக் காசோலையோடு படம் எடுக்க வேண்டாம். மலரிலும் அவர்கள் பெயர் வர வேண்டாம். பணம் தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதிக்கு முன்னால் அவர்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஊட்டியிலேயே இருக்கும் ஒருவரை இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுவோம்.